யன்னற் கைப்பிடியும் கடற்காற்றும்

ஒரு வீட்டின் உறுதியைப் பற்றிப் பேசப் புகுவோர் அத்திவாரத்தைப் பற்றிப் பேசுவர். சுவரைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசுவர். யன்னலின் கைப்பிடியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஒரு சாண் நீளமும் இல்லாத அந்த உலோகத் துண்டு, நாள்தோறும் நம் கை பட்டுக்கொண்டிருப்பினும், உடைந்துபோகும் நாள்வரை நம் கண்ணிற் படுவதில்லை. உடைந்த பின்னரும் பலர் அதனை மாற்றுவதில்லை. ஒரு நைலோன் கயிற்றினாலோ, பழைய துணிக் கிழிசலினாலோ யன்னற் கதவைக் கம்பியோடு கட்டிவிட்டு, "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகின்றனர். அந்தப் "பிறகு" மாரிகாலம் வரும்வரை வருவதில்லை. ஆதலின், இன்றைய பேச்சில் தேய்ந்துபோன, உடைந்துபோன யன்னற் கைப்பிடிகளை நாமே மாற்றிக்கொள்ளும் முறையையும், அவை ஏன் உடைகின்றன என்பதையும், மாற்றாது விட்டால் நேரக்கூடியது யாது என்பதையும் முறையாக ஆராய்வோம்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தொடரும் எமது கரையோர ஊர்களுக்கு இப்பொருள் சிறப்பாக உரியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், இடையே நெருங்கி எழுந்த வீடுகள். இவ்வூர்களிலே வீடு என்பது வெறும் இருப்பிடமன்று. பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்து மணமுடித்து வைப்பது இக்கரையின் நீண்ட வழக்கம். வாப்பா உழைத்த உழைப்பும், உம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பும், சகோதரர்கள் கடல் கடந்து சென்று அனுப்பிய பணமும் அந்த நான்கு சுவர்களுக்குள்ளே அடங்கியிருக்கும். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி வந்த கடற்பேரலைக்குப் பின்னர் இக்கரையில் எத்தனையோ வீடுகள் புதிதாய்க் கட்டப்பட்டன. அவ்வாறு எழுந்த பல வீடுகளுக்கு இன்று பதினைந்தும் இருபதும் வயது. அவற்றின் சுவர்கள் நலமாய் நிற்கின்றன. ஆனால் யன்னற் பொருத்துகள் அவற்றின் ஆயுளை முடித்துக்கொண்டு வருகின்றன.

முதலில், அவை ஏன் கெடுகின்றன என்று பார்ப்போம். கடற்கரையில் அலை உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் எழுகின்றன. நீர் ஆவியாகிப் போக, உப்பு மாத்திரம் காற்றோடு உள்நாட்டை நோக்கி வருகின்றது. அந்த உப்பு யன்னலின் இரும்பிலே படிகின்றது. உப்புக்கு ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இயல்புண்டு. மூடி வைத்த உப்புச் சிரட்டையும் மாரிகாலத்தில் நசநசத்துப் போவதை நாம் அறிவோம். எனவே, மழை பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஈரப் போர்வைக்குள்ளேயே இருக்கின்றது. இரும்பு, ஈரம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடிய இடத்திற் கறள் பிறக்கும். உப்பு அதனை விரைவுபடுத்தும். கறளானது தான் தின்ற இரும்பைப் பார்க்கிலும் கூடிய இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவேதான் கறள் பிடித்த கொளுக்கி அசைய மறுக்கின்றது. கறள் பிடித்த ஆணி மரத்தைப் பிளக்கின்றது.

இரண்டாவது காரணம், ஒன்றுக்கொன்று ஒவ்வாத உலோகங்களைச் சேர்த்து வைத்தல். பித்தளைக் கைப்பிடியை இரும்புத் திருகாணியால் முடுக்கினால், சில ஆண்டுகளில் கைப்பிடி பளபளவென்று நிற்கும். திருகாணியோ தலை கழன்று விழும். உப்பு ஈரத்தினூடே இரு உலோகங்களுக்கும் இடையில் ஒரு சிறு மின்னோட்டம் நிகழ்ந்து, அவற்றுள் எளிதிற் கரையும் உலோகம் கரைந்துபோவதே இதற்குக் காரணமாகும். இந்த உண்மையைப் பெரும் செலவிற் கற்றுக்கொண்டவர்கள் ஆங்கிலேயக் கடற்படையினர். 1761ஆம் ஆண்டில் 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் மரத்தாலான அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு போர்த்தினார்கள். ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செம்பு தொட்ட இடங்களில் இரும்பாணிகள் அரித்துப்போய், தகடுகள் பல கழன்றிருந்தன. ஆனால், தகட்டைச் சுற்றி வந்த பழுப்புநிறத் தாள் தற்செயலாய் ஆணிக்கும் தகட்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட இடங்களில் மாத்திரம் ஆணிகள் நல்ல நிலையில் இருந்தன. ஒரு துண்டுத் தாள் போர்க்கப்பலின் ஆணியைக் காத்தது. அதே பாடம் நமது யன்னலுக்கும் பொருந்தும் என்பதைப் பின்னர் காண்போம்.

மூன்றாவது காரணம், நாம் பெரும்பாலும் கவனியாதது. கைப்பிடி உடைவதற்குக் கைப்பிடி குற்றவாளியாய் இருப்பதில்லை. பிணைச்சல் தளர்ந்து யன்னற் கதவு ஒருபுறம் சரிந்திருக்கும். அல்லது மாரியில் மரம் ஈரத்தைக் குடித்துப் பருத்திருக்கும். அல்லது ஆண்டுக்கொரு முறை பூசிய பெயின்ற் தடித்துப்போயிருக்கும். அப்போது யன்னலை மூடுவதற்கு நாம் கைப்பிடியை வலிந்து திருப்புகின்றோம். உள்ளே நாகக் கலப்புலோகத்தை வார்த்துச் செய்து, மேலே முலாம் பூசிய மலிவான கைப்பிடியாயின், அது வளைவதில்லை. ஒருநாள் சட்டென்று முறிந்துவிடும். அவ்விடத்திற் புதிய கைப்பிடியைப் பூட்டினால் அதுவும் அவ்வாறே முறியும்.

ஆகையால், கடைக்குப் போகுமுன் ஒரு சிறு சோதனை செய்தல் வேண்டும். யன்னலை முற்றாகத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். திறந்த நிலையில் அது தாராளமாய்ச் சுழன்று, மூடும்போது மாத்திரம் இறுகுமாயின், குறை கைப்பிடியில் இல்லை; கதவின் சரிவிலோ பருமனிலோ இருக்கின்றது. திறந்த நிலையிலும் அது இறுகியிருந்தால், குறை கைப்பிடியிலேயே உள்ளது. முன்னையதாயின், யன்னலை மூடி, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சுற்றிவரப் பாருங்கள். மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால் பிணைச்சலைச் சரிசெய்தபின்னரே கைப்பிடியைத் தொடவேண்டும். பிணைச்சற் பொருத்து முற்றாக உக்கியிருந்தால் அது ஓடாவியாரின் வேலை. அவரை அழைப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்து, அளவெடுத்தல். "காக்கா, யன்னலுக்கு ஒரு கைப்பிடி தாங்க" என்று கடையிற் கேட்டால், கடைக்காரர் தம் கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துத் தருவார். "எந்த மாதிரி யன்னல், தம்பி? மரமா, அலுமினியமா? இடக்கையா, வலக்கையா?" என்று திருப்பிக் கேட்பவர் கிடைத்தால் அது நமது நல்ல காலம். இரண்டு முறை கடைக்கு நடக்காதிருக்க வழி, பழைய கைப்பிடியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதே. அவ்வாறு கொண்டுபோக இயலாவிடின், ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, அடித்தகட்டின் உருவத்தையும் ஆணித் துளைகளையும் படியெடுத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டிய அளவுகள் நான்கு. முதலாவது, ஒரு துளையின் நடுவிலிருந்து மறு துளையின் நடுவரையுள்ள தூரம். இரண்டாவது, நிலையைப் பற்றிப் பிடிக்கும் நாக்கின் உயரம். மூன்றாவது, கைப்பிடி இடப்பக்கத்துக்கு உரியதா, வலப்பக்கத்துக்கு உரியதா என்பது. நான்காவது, அலுமினிய யன்னல்கள் சிலவற்றில் கைப்பிடியின் பின்னால் உட்செல்லும் சதுரக் கம்பியின் பருமனும் நீளமும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் கைப்பிடி பொருந்தாது. பொருந்தினாலும் இறுக மூடாது.

எந்த உலோகத்தைத் தெரிந்தெடுப்பது? பித்தளை போல மின்னுவதெல்லாம் பித்தளையன்று. ஒரு சிறு காந்தத்தைக் கையிற் கொண்டுபோங்கள். மஞ்சளாய் மின்னும் கொளுக்கியிற் காந்தம் ஒட்டிக்கொண்டால், உள்ளே இருப்பது இரும்பு. மேலே உள்ளது பூச்சு. அப்பூச்சு ஒரு கீறல் விழுந்த நாளிலிருந்து பயனற்றது. திண்மையான பித்தளை கடற்காற்றில் நிறம் மங்கும். ஆயினும் நெடுங்காலம் உழைக்கும். கறள் பிடியா உருக்கு எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரியார்லி என்பாருடைய ஆராய்ச்சியால் பெயர்பெற்றது. அதிலுள்ள குரோமியம் காற்றோடு கூடி, கண்ணுக்குப் புலனாகாத ஒரு காப்புத் தோலைத் தோற்றுவிக்கின்றது. எனினும் அதிலும் தரங்கள் உண்டு. 304 என்று குறிக்கப்படுவது உள்நாட்டு வீடுகளுக்குப் போதுமானது. கடற்கரைக்கு ஏற்றது 316 என்று குறிக்கப்படுவது. அதிலே 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் அரிப்பை நன்கு எதிர்த்து நிற்கும். விலை கூடியதுதான். எல்லா யன்னல்களுக்கும் வாங்க இயலாதவர்கள், கடலை நோக்கிய பக்கத்து யன்னல்களுக்கேனும் அதனை வாங்குவது நன்று. எதை வாங்கினும், திருகாணிகளும் அதே உலோகமாய் இருத்தல் வேண்டும். கைப்பிடியில் ஆயிரத்தைச் செலவிட்டு, ஆணியிற் பத்தை மிச்சம் பிடிப்பதில் பயனில்லை.

இனி, வேலையைத் தொடங்குவோம். தேவையானவை: ஒரு ஸ்குறூ டிறைவர், ஒரு குறடு, ஒரு சிறு துளைகருவி, சிறிது மண்ணெண்ணெய், மரம் ஒட்டும் பசை, ஒரு துண்டு மெழுகு. காற்று வீசாத காலை வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள். மாடி வீடாயின், வேலைக்கு முன்னர் யன்னற் கதவை ஒரு கயிற்றினால் உட்கம்பியோடு கட்டிவிடுங்கள்; கீழே பிள்ளைகள் விளையாட விடாதீர்கள்.

கறள் பிடித்த திருகாணி எளிதில் இடம்விட்டு அசையாது. அதன் தலையிலுள்ள பள்ளத்திற் பெயின்ற் அடைத்திருந்தால், கூரிய ஆணியால் அதனைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு விட்டுவையுங்கள். மறுநாள், பள்ளத்துக்குச் சரியாய்ப் பொருந்தும் ஸ்குறூ டிறைவரை வைத்து, முதலிற் சற்று இறுக்கும் பக்கமாகத் திருப்பி, அதன்பின் கழற்றும் பக்கமாகத் திருப்புங்கள். இறுக்கும் பக்கமாகத் திருப்புவது கறளின் பிடியை உடைப்பதற்காக. வலிந்து ஒரே பக்கமாய்த் திருகினால் பள்ளம் தேய்ந்து, ஆணி மரத்துள்ளேயே தங்கிவிடும்.

பழைய பொருத்தை எடுத்ததும், மரத்துளைகளைச் சோதியுங்கள். திருகாணி பிடிமானமின்றிச் சுழன்ற துளையில் அதே அளவு ஆணியை மீண்டும் இட்டால் ஒரு மாதமும் நில்லாது. மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ மூங்கிற் சீவல்களையோ பசையிலே தோய்த்து, துளை நிறையுமட்டும் இறுக அடித்து, ஒரு நாள் முழுதும் காயவிட்டு, வெளியே நீட்டிய பகுதியைச் சீவிவிடுங்கள். அதன் நடுவில், திருகாணியைப் பார்க்கிலும் மெல்லிய வழித்துளை ஒன்றை இடுங்கள். வழித்துளையின்றி முதிரை போன்ற வைரமான மரத்தில் ஆணியைத் திருகினால், மரம் பிளக்கும்; அல்லது ஆணியின் தலை முறியும். திருகாணியின் புரிகளை மெழுகிற் சற்றே தேய்த்துக்கொண்டால் இலகுவாய் இறங்கும். சவர்க்காரத்தைத் தேய்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அது ஈரத்தை இழுக்கும். நமது கரைக்கு மெழுகே ஏற்றது.

புதிய கைப்பிடியை இடத்தில் வைத்து, ஆணிகளை முழுதும் இறுக்காது பாதியளவு முடுக்கி, யன்னலை இரண்டு மூன்று முறை மூடித் திறந்து பாருங்கள். நாக்கு நிலையைப் பற்றிக் கதவைச் சற்றே உள்ளிழுக்கவேண்டும். ஆனால் நம் கைக்கு வலியெடுக்கும் அளவுக்கு இறுகக் கூடாது. இங்கே ஒரு நுட்பத்தைக் கருத்திற் கொள்ளவேண்டும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மரம் சுருங்கியிருக்கும். அக்காலத்தில் இழைபோலும் இடமின்றி இறுக்கிப் பொருத்தினால், மாரியில் மரம் பருத்து யன்னல் மூடாது போகும். ஆதலின், கோடையிற் பொருத்துவோர் ஒரு தடித்த தாளளவு இடம் விட்டுப் பொருத்துதல் வேண்டும். எல்லாம் சரியென்று கண்டபின் ஆணிகளை முழுதும் முடுக்கலாம்.

அலுமினிய யன்னலில் மரம் பருத்தல் என்னும் தொல்லை இல்லை. ஆனால் அதன் சட்டம் உள்ளே வெறுமையான மெல்லிய தகடு. ஒருமுறை புரி தேய்ந்தால் தீக்குச்சி வைத்தியம் அங்கே செல்லாது. ஓரளவு பருத்த ஆணியை இடலாம், அல்லது அலுமினிய வேலை செய்பவரைக் கொண்டு அலுமினிய றிவற் அடிப்பிக்கலாம். அலுமினியத்தோடு பித்தளையையோ செம்பையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள்; அங்கே கரைவது அலுமினியச் சட்டமே. ஸ்டெயின்லெஸ் ஆணிகளை இடும்போது, கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றையும், ஆணித் தலைக்குக் கீழே நைலோன் வாசர் ஒன்றையும் வையுங்கள். 'அலாம்' கப்பலின் ஆணியைக் காத்த தாளின் வேலையை இவை செய்யும். யன்னல் மூடிய நிலையில் கைப்பிடி முறிந்துபோனால், கண்ணாடியை உடைக்க வேண்டியதில்லை. மீதியாய் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பியைக் குறட்டினாற் பிடித்து மெல்லத் திருப்பினால் யன்னல் திறக்கும்.

"இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை விசாரம் எதற்கு?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை 1978ஆம் ஆண்டிலே இருக்கின்றது. அவ்வாண்டு நவம்பர் 23ஆந் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை, அன்று சிறுவராய் இருந்தோரும் இன்றுவரை மறக்கவில்லை. தென்னைகள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. கூரை ஏன் பறக்கின்றது என்பதை ஆராய்ந்தால், யன்னற் கைப்பிடியின் பெறுமதி விளங்கும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்தும். அதே காற்று 100 கிலோமீற்றர் வேகத்தை எய்தினால், அந்த விசை ஏறத்தாழ 47 கிலோவாகும். ஒரு சீமெந்துப் பையின் எடைக்குச் சற்றுக் குறைவு. காற்று நேரே மோதும் சுவரில், வெளிப்புறம் திறக்கும் யன்னல் நிலையோடு அழுந்தி மூடியே நிற்கும். ஆனால் காற்று உரசிச் செல்லும் பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் உறிஞ்சு விசை உண்டாகி, யன்னற் கதவை வெளியே இழுக்கும். அவ்விடத்திற் கதவைப் பற்றி நிற்பது கைப்பிடியும் கொளுக்கியும் மாத்திரமே. அவை நழுவினால் யன்னல் திறந்துகொள்ளும். சூறாவளியோ சுழன்று செல்வது. அதன் மையம் கடந்ததும் காற்றின் திசை மாறும். சற்று முன்னர் பின்புறமாயிருந்த அந்தத் திறந்த யன்னல் இப்போது காற்றின் முகத்துக்கு நேரே நிற்கும். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றி வீட்டினுள் அமுக்கத்தைக் கூட்டிக் கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதே வேளையில் கூரையின் மேலாய் ஓடும் காற்று அதனை மேலே இழுக்கும். இரண்டு விசைகளும் ஒன்றுசேர்ந்தால் ஓடு எம்மாத்திரம், சீற் எம்மாத்திரம்! காற்று புகுந்து போகட்டும் என்று யன்னலைத் திறந்து வைப்பது நல்லது என்னும் எண்ணம் சிலரிடம் இருக்கின்றது. அது தவறு. புயற்காலத்தில் எல்லா யன்னல்களும் இறுக மூடியிருத்தலே கூரைக்குப் பாதுகாப்பு. கயிற்றினாற் கட்டிய யன்னலோ கயிற்றின் தளர்ச்சிக்கேற்ப ஆடி ஆடி, ஒவ்வோர் ஆட்டத்திலும் பிணைச்சலைப் பிடுங்கும்.

புயல் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரலாம். நாளாந்தத் தீமைகளும் உண்டு. கொளுக்கியின்றி விட்ட கதவு திடீர்க் காற்றில் அடித்துச் சிறு பிள்ளையின் விரலை நசுக்கலாம். சரியாக மூடாத யன்னலால் சாரல் புகுந்து, சுவர் ஊறி, மின்னிணைப்பு வரை ஈரம் செல்லலாம். திருடனுக்குப் பூட்டிய கதவைப் பார்க்கிலும் உடைந்த யன்னற் கைப்பிடி இனியது. இவற்றையெல்லாம் ஒரு காலை நேர வேலையினால் தவிர்க்க முடியுமாயின், அவ்வேலையை ஒத்திப்போடுவதற்கு நியாயமில்லை.

மாற்றிய பொருத்தைப் பேணுவதும் எளிது. மாதம் ஒருமுறை, உப்பற்ற நன்னீரில் நனைத்த துணியால் கைப்பிடியையும் பிணைச்சலையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். கிணற்று நீர் உவராய் இருந்தால் அதனைப் பயன்படுத்தாதீர்கள். உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகும். அசையும் இடங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காயெண்ணெய் சில வாரங்களிற் தூசியோடு கூடிப் பிசினாகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தாலோ, இரும்புப் பஞ்சினாலோ தேய்க்காதீர்கள். அதன் காப்புத் தோல் கெட்டுப் புள்ளிபுள்ளியாய் அரிக்கத் தொடங்கும். எல்லா யன்னல்களுக்கும் ஒரே வகையை வாங்கி, மேலதிகமாய் இரண்டை எடுத்து வைத்துக்கொள்வதும் அறிவுடைமை. பத்தாண்டு கழித்து அதே மாதிரி கடையில் இருக்குமென்பதற்கு எவரும் பிணை நிற்கமாட்டார்.

நேயர்களே, ஒக்டோபர் பிறந்ததும் வானம் கறுக்கத் தொடங்கும். அதனைத் தொடர்ந்து மாரி. ஆகவே செப்டெம்பர் மாதத்தில் ஒரு விடுமுறை நாளை ஒதுக்கி, வீட்டின் யன்னல்களை ஒவ்வொன்றாய்த் திறந்து, மூடி, திருப்பி, அசைத்துப் பாருங்கள். வயதுவந்த பிள்ளைகளையும் அருகே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடு இவ்வேலைக்கு இல்லை. சீதனமாய் வந்த வீட்டை அடுத்த தலைமுறைக்கு நல்ல நிலையிற் கையளிக்க வேண்டிய பொறுப்பு அவ்வீட்டின் பெண்ணுக்கே கூடுதலாய் உண்டு. எந்த யன்னல் கயிற்றினாற் கட்டப்பட்டிருக்கின்றதோ, அதிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.